நாலாவது அத்தியாயம்

நாவலாசிரியனைச் சந்திக்கிற வாசகர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அடுத்தபடியாக என்ன எழுதப் போகிறீர்கள்?" என்பார்கள். "எதை எழுதாமல் விட்டீர்கள்?" என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன். பாதியில் நின்றுபோன வீட்டைக் காட்டி, "இது நான் கட்டியது" என்று சொல்ல யாருக்குத்தான் மனம் வரும்?

ஆனால் கேளாத கேள்விக்கும் ஒரு நாள் பதில் சொல்லித்தானே ஆகவேண்டும்? இன்று சொல்லிவிடுகிறேன்.

என் மேஜையின் கீழ் இழுப்பறையில் ஒரு காகிதக் கட்டு இருக்கிறது. அதில் ஒரு சரித்திர நாவலின் முதல் மூன்று அத்தியாயங்கள் இருக்கின்றன. நாலாவது அத்தியாயத்துக்குத் தலைப்பை மட்டும் எழுதி, அடியில் ஒரு கோடும் இழுத்திருக்கிறேன். கோட்டுக்குக் கீழே காகிதம் வெறுமையாக இருக்கிறது. பல வருஷங்களாக அப்படியே இருக்கிறது.

அந்த நாவலின் விதை விழுந்த இடம் ஆய்க்குடி.

குற்றாலத்தில் சாரல் பெய்துகொண்டிருந்த ஓர் ஆனி மாதம். அருவியில் குளித்து, ஈரத் துண்டோடு நின்று சூடாக எதையாவது வாங்கித் தின்று, மறுபடியும் குளித்து, இப்படியே மூன்று நாள் கழிந்தன. நாலாம் நாள் சற்றே சலிப்புத் தட்டிற்று. தென்காசிக்கு வந்து, அங்கிருந்து ஆய்க்குடிக்குப் போகும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். பெயர்ப்பலகையில் இருந்த பெயர்தான் என்னை இழுத்தது. 'ஆய்' என்ற ஓரெழுத்துச் சொல் போன்ற அந்தச் சின்னப் பெயருக்குப் பின்னால் சுமார் 2,000 வருஷம் நிற்கிறதே!

வயல், வாய்க்கால், தென்னந்தோப்பு, மேற்கே மேகம் மூடிய மலைத்தொடர். ஊருக்குள் பாலசுப்பிரமணிய சுவாமி கோயில். பக்கத்தில் அனுமன் நதி. இந்தக் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. நேர்ந்துகொண்டவர்கள் ஆற்றங்கரைப் படிக்கட்டிலேயே பாயசத்தை ஊற்றுகிறார்கள். குழந்தைகள் அதை வழித்துச் சாப்பிடுகிறார்கள். 'படிப்பாயசம்' என்று பெயர். குழந்தைகள் உண்டால் முருகன் உண்டதாகக் கணக்கு.

படித்துறையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் என்னைப் பார்த்தார்.

"எங்கேயிருந்து வாரிய, ஐயா?"

"சென்னையிலிருந்து. குற்றாலத்துக்கு வந்தேன். அப்படியே உங்கள் ஊரையும் பார்த்துவிட்டுப் போகலாமென்று..."

"இங்க என்ன இருக்கு பாக்கதுக்கு? முருகன் இருக்காரு, ஆறு இருக்கு. மத்தபடி வயலும் குளமுந்தான்."

"ஆய் என்ற ராஜா ஆண்ட ஊர் அல்லவா இது?"

"அப்படித்தான் சொல்லுதாக. அவரு எல்லாத்தையும் குடுத்துட்டுப் போயிட்டாராமே! பெறகு இங்க என்ன மிஞ்சும்?"

பெரியவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் அந்த நிமிஷமே நான் நாவல் எழுதுவதென்று தீர்மானித்துவிட்டேன். எல்லாவற்றையும் கொடுத்துவிட்ட ராஜா! இதைவிட நல்ல கதாநாயகன் எங்கே கிடைப்பான்?

ஆய் அண்டிரனைப் பற்றி நமக்குத் தெரிந்தது எவ்வளவு என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அவன் கடையெழு வள்ளல்களில் ஒருவன். பொதியமலைச் சாரலை ஆண்டவன். உறையூர் ஏணிச்சேரி முடமோசியார், துறையூர் ஓடைகிழார், குட்டுவன் கீரனார் ஆகிய புலவர்கள் அவனைப் பாடியிருக்கிறார்கள். பாடல்கள் புறநானூற்றில் இருக்கின்றன. 1894-ஆம் வருஷம் உ. வே. சாமிநாதையர் அந்த நூலை அச்சிட்டு வெளியிடாமல் இருந்திருந்தால் ஆய்க்குடி என்பது நமக்கு ஒரு பஸ் நிறுத்தம் மாத்திரமே.

முடமோசியார் பாட்டு ஒன்றில், வடக்கே இமயமும் தெற்கே ஆய்குடியும் இருப்பதால்தான் உலகம் ஒரு பக்கம் சாயாமல் நிற்கிறது என்ற பொருளில் சொல்லுகிறார். அந்தச் சொல்லை ஊரின் பெயராகவும் கொள்ளலாம், ஆயின் குலம் என்றும் கொள்ளலாம். ஊர் என்று கொண்டால் இன்றைய ஆய்க்குடியே அது என்பது பலருடைய கருத்து. சிறுபாணாற்றுப்படை இன்னொரு செய்தி தருகிறது. நாகம் கொடுத்த அபூர்வமான ஆடை ஒன்று அவனிடம் இருந்ததாம். அதையும் ஆலமரத்தடியில் அமர்ந்த கடவுளுக்குக் கொடுத்துவிட்டானாம். கடல் கடந்த சாட்சியமும் உண்டு. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் தாலமி எழுதிய பூகோள நூலில், குமரிமுனைப் பக்கத்து நாட்டை ஆண்டவர்கள் 'ஆயோய்' என்று குறிக்கப்பட்டிருக்கிறார்கள். பொதியமலையை அவர் 'பெட்டிகோ' என்று எழுதினார்.

பிற்காலத்து ஆய் மன்னர்களைப் பற்றியானால் செப்பேடுகளே பேசுகின்றன. ஒன்பதாம் நூற்றாண்டில் கருநந்தடக்கன், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள பார்த்திவபுரத்தில் விஷ்ணு கோயில் எடுத்து, 95 மாணவர் படிக்கும் சாலை ஒன்றையும் நிறுவினான். 95 என்று எண்ணிச் சொல்லுகிறது செப்பேடு. நம் அண்டிரனுக்கோ அப்படி எண்ணிச் சொல்லுவார் எவரும் இல்லை. அவனுக்கு இருப்பது பாட்டு மட்டும்தான்.

அந்தப் பாட்டுக்கள்தாம் எவ்வளவு அழகு! பலாமரத்தில் பாணர்கள் மாட்டிவைத்த முழவைப் பழம் என்று எண்ணிக் குரங்கு தட்டுகிறது. அந்த ஓசைக்கு அன்னங்கள் பதில் குரல் கொடுக்கின்றன. மலைக் குறவர்கள் மூங்கிற் குழாயில் விளைந்த கள்ளைக் குடித்து, வேங்கை மரத்தடியில் குரவை ஆடுகிறார்கள். "உன் நாட்டில் பெண்யானை ஒரே சூலில் பத்துக் கன்று போடுமோ?" என்று புலவர் கேட்கிறார். அவ்வளவு யானைகளைக் கொடுத்திருக்கிறான் அந்த மனிதன். இன்னொரு பாட்டு என் மனத்தை அப்படியே பிடித்துக்கொண்டது. இந்தப் பிறவியில் கொடுத்தால் அடுத்த பிறவியில் கிடைக்கும் என்று கணக்குப் பார்த்து, தர்மத்தை விலைக்கு விற்கும் வியாபாரி அல்லன் ஆய் என்கிறார் முடமோசியார். பெரியோர் நடந்த வழி அது என்பதற்காகவே அவனும் நடந்தானாம்.

சென்னைக்குத் திரும்பியதும் எழுத உட்கார்ந்தேன். முதல் அத்தியாயத்தில் பொதியமலைச் சாரலில் ஒரு மழை இரவு. குதிரைமேல் ஒரு வாலிபன். இரண்டாவதில் கொங்கு நாட்டு ஒற்றன். கொங்கரை ஆய் மேற்கடல்வரை துரத்தினான் என்று ஒரு பாட்டில் குறிப்பு வருகிறது. அந்த நூலிழையைப் பிடித்துக்கொண்டு ஒரு சதியாலோசனையே நெய்துவிட்டேன். மூன்றாவதில் இளையராணியை அறிமுகப்படுத்தினேன். நிலா முற்றம், தோழி, நெற்றிச் சுட்டி, முத்து வடம், மேகலை, சிலம்பு. அந்த வர்ணனையை மட்டும் இரண்டு நாள் எழுதினேன். பத்திரிகாசிரிய நண்பர் ஒருவர் மூன்றையும் படித்துவிட்டு, "பிரமாதம்! உடனே ஆரம்பித்துவிடலாம்" என்றார்.

நாலாவது அத்தியாயம் அரண்மனை உள்ளறை. இராணியின் பேச்சில் ஒரு விவரம் தேவைப்பட்டது. புறநானூற்றை மறுபடியும் எடுத்தேன். 127-ஆம் பாட்டு.

ஏற்கெனவே பலமுறை படித்த பாட்டுத்தான். ஆனால் ராணிக்கு நகை பூட்டிவிட்டு வந்து படித்தபோது அது வேறு பாட்டாக இருந்தது. ஆயின் அரண்மனையில் யானை கட்டும் தறிகள் வெறுமனே நிற்கின்றனவாம். யானைகளைப் பாடிவந்தவர்கள் கொண்டுபோய்விட்டார்கள். தறியின் அருகே காட்டு மயில்கள் வந்து தங்குகின்றன. அரண்மனைப் பெண்களிடத்தில் கொடுக்க முடியாத அணி ஒன்று மட்டுமே மிஞ்சியிருக்கிறது. மற்ற நகைகளெல்லாம் போய்விட்டன. அதாவது, தாலி ஒன்றுதான் பாக்கி. பிறருக்கு ஒன்றும் ஈயாமல் தம் வயிற்றையே நிரப்பிக்கொள்ளும் அரசர்களின் செழிப்பான மாளிகைகளெல்லாம் இந்த வெறும் வீட்டுக்கு ஈடாகா என்று புலவர் முடிக்கிறார்.

புலவருக்கு அது பெருமை. எனக்கோ அன்றைக்கு வேறொன்று தோன்றிற்று. யானை அவனுடையது, கொடுத்தான். நகைகள் யாருடையவை? கழற்றிக் கொடுத்தவர்களை யாராவது கேட்டார்களா? மூன்றாம் அத்தியாயத்தில் நான் பூட்டிய முத்து வடமும் மேகலையும் என்னைப் பார்த்துச் சிரித்தன.

சரி, நகைகளைக் கழற்றிவிடலாம். அது பெரிய காரியமில்லை. இரண்டு பக்கம் அடித்தால் போதும். ஆனால் முடிவு என்று ஒன்று இருக்கிறதே! ஆய் இறந்தபோது குட்டுவன் கீரனார் பாடிய 240-ஆம் பாட்டை எடுத்தேன். குதிரையும் யானையும் தேரும் ஊரும் கொடுத்த ஆயை, கண்ணில்லாத காலன் கொண்டுபோனான். வளை அணிந்த மகளிரோடு அவன் மேலுலகம் சேர்ந்தான். கோட்டான் கூவும் காட்டிலே உடல் தீயில் எரிந்தது. காப்பவனைக் காணாமல் புலவர்கள் பசியோடு வேறு நாடு தேடிப் போகிறார்கள். இதுதான் பாட்டின் சாரம்.

'மகளிரோடு.' அந்த 'ஓடு' என்ற உருபிலே என் பேனா நின்றது. நின்றது நின்றதுதான்.

எத்தனை மகளிர்? தெரியாது. பெயர்? கிடையாது. தாங்களாகப் போனார்களா, போகச் செய்யப்பட்டார்களா? புலவர் சொல்லவில்லை. புலவர்களின் பசிக்கு அந்தப் பாட்டில் இடம் இருக்கிறது. அந்தப் பெண்களுக்கு ஒரு வேற்றுமை உருபுதான் இருக்கிறது.

இந்த மௌனம் சங்க காலத்தின் பொதுவான மௌனம் என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. அதே புறநானூற்றில் ஆறு பாட்டுத் தள்ளி, 246-ஆவது பாட்டு இருக்கிறது. அதைப் பாடியவள் பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு. கணவனோடு தீப்புகப் போகிறவளைச் சான்றோர்கள் தடுக்கிறார்கள். அவள் கோபத்தோடு பதில் சொல்லுகிறாள். கைம்பெண்ணுக்கு இடப்படும் நெய்யில்லாத சோற்றையும், வேளைக் கீரையையும், பாயில்லாத பருக்கைக் கல் படுக்கையையும் ஒவ்வொன்றாகச் சொல்லி, அந்த வாழ்வு எனக்கு வேண்டாம், தாமரைக் குளமும் தீயும் எனக்கு ஒன்றே என்கிறாள். அந்தப் பேச்சைக் கேட்டு நாம் நடுங்கலாம், அழலாம். தடுத்தவர்களும் அவளுக்கு வைத்திருந்த மாற்று எது என்று பார்த்தால் கோபமும் கொள்ளலாம். ஆனால் அவள் பேசினாள். ஆயின் மகளிர் பேசவில்லை.

பேச வைப்பதுதானே நாவலாசிரியனின் தொழில் என்று கேட்பீர்கள். நண்பரும் அதையேதான் கேட்டார்.

"இளையராணி சிரித்த முகத்தோடு தீயில் இறங்குகிறாள் என்று எழுதிவிடுங்கள். கடைசி அத்தியாயத்தில் வாசகர்கள் கண்ணீர் விட்டுவிடுவார்கள்" என்றார்.

"அவள் சிரித்தாள் என்பதற்கு ஆதாரம்?"

"குதிரைமேல் வந்த வாலிபனுக்கு மாத்திரம் ஆதாரம் இருக்கிறதாக்கும்?"

நியாயமான கேள்வி. வாலிபனுக்கு ஆதாரம் இல்லை. கொங்கு ஒற்றனுக்கும் இல்லை. ஆனால் அவர்களால் யாருக்கும் நஷ்டம் கிடையாது. இந்தச் சிரிப்பு அப்படியல்ல. 1987 செப்டம்பரில் ராஜஸ்தானத்தில் தேவராலா என்ற கிராமத்தில் 18 வயது ரூப் கன்வர் கணவனின் சிதையில் எரிந்துபோனாள். தானாகப் போனாள், புன்னகையோடு போனாள் என்று ஊர் சொல்லிற்று. பலவந்தம் என்று மற்றவர்கள் சொன்னார்கள். அந்த இடத்தைக் கும்பிட ஆயிரக்கணக்கானவர்கள் கூடினார்கள். அதன் பிறகு உடன்கட்டையைப் புகழ்வதையும் குற்றமாக்கி ஒரு சட்டம் வந்தது. அந்தப் பெண்ணின் புன்னகையைக் கண்டதாகச் சொன்னவர்கள் அதை எங்கே பார்த்திருப்பார்கள்? அதற்கு முன் எத்தனையோ கதைகளிலும் பாட்டுக்களிலும் பார்த்திருப்பார்கள். அந்த வரிசையில் என் நாவலும் ஒன்றாக வேண்டுமா?

மாற்றி எழுதலாம். இளையராணி மறுத்தாள், இரவோடிரவாக மலைக்குள் தப்பினாள் என்று எழுதலாம். அதையும் யோசித்தேன். அது எனக்கு நல்ல பெயர் வாங்கித் தரும்; எரிந்துபோனவளுக்கு என்ன தரும்? அவள் தப்பவில்லை என்றுதானே பாட்டு சொல்லுகிறது? நடக்காத விடுதலையைக் கொடுத்து நம் மனத்தைத் தேற்றிக்கொள்வதும் ஒருவகைப் பொய்தான். சிரித்தாள் என்பதும் பொய், தப்பினாள் என்பதும் பொய். உண்மை எது என்று எனக்குத் தெரியவில்லை. காகிதத்தை மடித்து இழுப்பறையில் வைத்தேன்.

இப்படி ஆரம்ப அத்தியாயங்களோடு கைவிட்டவர்களின் பெயர்களைத் தேடிப் பிடித்து ஆறுதல் அடைவது எழுத்தாளர்களின் பலவீனம். நானும் தேடினேன். நல்ல கூட்டம்தான் அகப்பட்டது.

சரித்திர நாவலுக்கே தந்தை என்று சொல்லப்படும் ஸர் வால்ட்டர் ஸ்காட், 'வேவர்லி'யை 1805 வாக்கில் தொடங்கினார். சில அத்தியாயங்கள் எழுதி ஒரு நண்பரிடம் காட்டினார். நண்பர் உதட்டைப் பிதுக்கினார். ஸ்காட் அதைப் பழைய மேஜை ஒன்றில் போட்டுவிட்டு மறந்தே போனார். சில வருஷங்கள் கழித்து, விருந்தாளி ஒருவருக்காக மீன்பிடிக்கும் தூண்டில் சாமான் தேடப்போனவர் கையில் அந்தக் காகிதங்கள் அகப்பட்டன. 1814-ல் நாவல் வெளிவந்தது. தூண்டிலில் சிக்கியது சாதாரண மீனா!

டால்ஸ்டாயின் கதை வேறு. 1825-ஆம் வருஷத்துப் புரட்சியில் சிக்கிச் சைபீரியாவுக்கு அனுப்பப்பட்டு, வயோதிகத்தில் திரும்பிவரும் ஒருவனைப் பற்றி 'டிஸம்பர்க்காரர்கள்' என்று ஒரு நாவல் தொடங்கினார். மூன்று அத்தியாயங்கள் ஆயின. அந்தக் கிழவனைப் புரிந்துகொள்ள அவனுடைய வாலிபத்துக்குப் போகவேண்டியிருந்தது. வாலிபத்துக்குப் போனால் 1812-ல் நெப்போலியன் வந்து நின்றான். அதற்கும் காரணம் தேடி 1805-க்குப் போனார். முடிவில் எழுதியது 'போரும் அமைதியும்'. கைவிட்ட மூன்று அத்தியாயங்கள் மூன்றாகவே நின்றன.

நம் நாட்டில், அதுவும் இதே பொதிகை அடிவாரத்தில், இன்னொருவர் இருக்கிறார். ஆய்க்குடியிலிருந்து வெகு தூரமில்லை கடையம். அது செல்லம்மாள் பிறந்த ஊர். 1918 கடைசியில் புதுச்சேரியிலிருந்து வெளிவந்து, சிறையிலும் சில நாள் இருந்துவிட்டு, பாரதியார் அங்கேதான் வந்து சேர்ந்தார். சுமார் இரண்டு வருஷம் தங்கினார். அவருடைய 'சந்திரிகையின் கதை' பொதியமலை அடிவாரத்துக் கிராமம் ஒன்றில், பூகம்பத்தோடு ஆரம்பமாகிறது. ஒரு குழந்தையும், அதன் அத்தையான இளம் விதவை ஒருத்தியும் உயிர் தப்புகிறார்கள். அந்த விதவை தீயைத் தேடிப் போகவில்லை, குழந்தையை எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போய், விதவா விவாகத்துக்குப் பாடுபட்ட பெரியவர்களைச் சந்திக்கிறாள், மறுமணமும் செய்துகொள்ளுகிறாள். பெருங்கோப்பெண்டின் வேளைக் கீரைக்குப் பாரதி சொன்ன பதில் என்று இதை நான் நினைப்பதுண்டு. கதை முடியவில்லை. 1921 செப்டம்பரில் ஆசிரியரே போய்விட்டார். அவருடைய 'சின்னச் சங்கரன் கதை'யிலும் சில அத்தியாயங்கள்தாம் நமக்கு மிஞ்சின. பாரதியார் கைவிடவில்லை, காலம் அவரைக் கைவிட்டது. அந்தக் கூட்டத்தில் என்னைச் சேர்த்துக்கொள்ள எனக்கு உரிமை கிடையாது.

பாரதிக்கு ஒரு வசதி இருந்தது. அவருடைய விசாலாட்சி அவர் காலத்துப் பெண். அவளைப்போல் இருந்தவர்களை அவர் பார்த்திருப்பார், கேட்டிருப்பார். என் இளையராணிக்கும் எனக்கும் நடுவே 2,000 வருஷமும் ஓர் உருபும் நிற்கின்றன.

சென்ற வருஷம் மறுபடியும் தென்காசிக்குப் போனேன். இப்போது அது 2019-லிருந்து தனி மாவட்டத்தின் தலைநகர். காசி விசுவநாதர் கோயில் கோபுரத்தை வெகுநேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பராக்கிரம பாண்டியன் 1446-ல் தொடங்கிய கோயில் அது. கோபுர வேலையை அவனால் முடிக்க இயலவில்லை, தம்பி முடித்தான். பிற்காலத்தில் அதுவும் சிதைந்து, தலைமுறை தலைமுறையாக மொட்டையாக நின்று, ஒருவழியாக 1990-ல் ஒன்பது நிலையோடு மறுபடியும் எழும்பிற்று. இந்தக் கோயிலைக் குறைவின்றிக் காப்பவர் எவராயினும் அவர் அடியில் நான் விழுகிறேன் என்று கல்வெட்டிலே சொல்லிவிட்டுப் போயிருக்கிறான் அந்தப் பாண்டியன். ராஜாவாக இருந்தும், தன்னால் முடியாதது உண்டு என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

ஆய்க்குடிக்கும் போனேன். பெரியவரைக் காணவில்லை. படித்துறையில் நாலைந்து குழந்தைகள் பாயசத்தை வழித்து நக்கிக்கொண்டிருந்தன. கழுத்தில் ஒரு கறுப்புக் கயிற்றைத் தவிர வேறு நகையில்லாத ஒரு தாய் பக்கத்தில் நின்று, தன் குழந்தை நேர்ந்துகொண்டபடி ஊற்றியதை ஊர்ப்பிள்ளைகள் உண்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் திருப்தி இருந்ததா, களைப்பு இருந்ததா? எனக்குத் தெரியவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். உயிரோடு இருக்கிறவர்களிடம் அந்த ஒரு சௌகரியம் உண்டு. நான் கேட்கவில்லை. அது என் குற்றம். அவள் மௌனம் அல்ல.

வீட்டுக்கு வந்ததும் காகிதக் கட்டை எடுத்துப் பார்த்தேன். மூன்றாம் அத்தியாயத்து நகை வர்ணனையை மட்டும் முழுவதும் அடித்துவிட்டேன். நாலாவது அத்தியாயத்தின் தலைப்பை அடிக்கவில்லை. அந்தப் பெண்களின் குரலை உண்மையாகவே கேட்டு எழுதக்கூடியவர், ஆணோ பெண்ணோ, ஒருநாள் வரக்கூடும். வந்தால் காகிதத்தைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். பராக்கிரம பாண்டியன் சொன்னதையே நானும் அவருக்குச் சொல்லிக்கொள்கிறேன்.